நீலத் திரை

நாவலப்பிட்டி, கம்பளை வீதி,
இரும்புக் கடைக்கு மேல்மாடி.
‘பதிவு பெற்றது’ என்று கண்ணாடியில் ஒட்டியது
பாதி உரிந்து கிடக்கிறது.
அடையாள அட்டைப் படம், கடவுச்சீட்டுப் படம்,
கல்யாணம், சாமத்தியம்.
ஒரு நாளைக்கு இருபது முகமாவது
என் விரலுக்குக் கீழே வந்துபோகும்.

கெமரா பிடிப்பவள் பொம்பளை என்று கேள்விப்பட்டு
உலப்பனையிலிருந்தும் பவ்வாகமையிலிருந்தும்
முகம் மூடியவர்கள் என்னிடம்தான் வருவார்கள்.
கதவுக்குத் தாழ்ப்பாள் போடச் சொல்வார்கள்.
போடுவேன்.

நேற்று வந்தவள் பெயர் முஸ்னியா.
படிக்கட்டு முழுக்க மழை சொட்ட ஏறி வந்தாள்.
கீழே கடை ரேடியோவில் ஒருவர்
முந்தாநாள் பாராளுமன்றத்தில் சொன்னதற்கு
விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்:
முகத்தை மறைப்பவர்
எதையோ மறைப்பவராம்.
அவர் முடிய இன்னொருவர்,
அவளுடைய ஆட்களின் ஆள்.
எங்கள் பெண்களை எங்களுக்குத் தெரியும்,
நாங்கள் பேசிப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்.
நடுவில் சீமெந்து விளம்பரம்.

‘ரெண்டு பேருக்கும் ஒரே தொண்டை’ என்றாள்
குண்டூசியைப் பல்லில் கடித்துக்கொண்டு.

முகம் வந்தது.
நான் எதையோ எதிர்பார்த்திருக்க வேண்டும்,
சொல்ல வெட்கமாயிருக்கிறது.
கடைவாய்ப் பல்வலியில் இடது கன்னம் வீங்கி
கிராம்பு மணத்தது.
அவ்வளவுதான்.

‘வீக்கம் வத்தினாப் பொறகு வாங்களேன்.’
‘நாளைக்குக் கடைசி நாள்.
வீங்கினதோட எடுங்க,
இதுவும் நான்தானே.’

நீலத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தேன்.
நாடியை இறக்குங்க.
பல்லுத் தெரியக் கூடாது.
அரசாங்கத்துக்குச் சிரிப்பு ஆகாது.

கேட்கக் கூடாதென்றுதான் இருந்தேன்.
கேட்டுவிட்டேன்:
இதை நீங்களாத்தான் போடுறீங்களா?

‘சில நாளைக்கு எனக்கு வேணும்.
சில நாளைக்கு மாமிக்கு வேணும்.
வெயில் நாளையில யாருக்குமே வேணாம்.
ஆனா இந்தப் பேச்சு தொடங்கின கிழமை
பஸ்ஸில ஒருத்தன் புடிச்சு இழுத்தான்.
அண்டையிலிருந்து கழட்ட மனசில்ல.
கழட்டினா
அவன் செல்லிக் கழட்டினதா ஆகிரும்.’

நான் வெளிச்சத்தைச் சரிசெய்வதுபோல
திரும்பிக்கொண்டேன்.

என் அப்பா
டிக்கோயாத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர்.
முகம் முழுக்கத் திறந்தே இருந்தது அவருக்கு,
தொப்பிகூடப் போட்டதில்லை.
அப்படியும் முப்பது வருஷமாய்
அவர் யாரென்று தெரியாது என்றே
சொல்லிக்கொண்டிருந்தது கச்சேரி.

அவள் போன பிறகு கம்பியூட்டரைத் திறந்தேன்.
ரேடியோவில் முதலில் பேசியவரும்
அதற்குள்தான் இருக்கிறார்.
போன தேர்தலுக்கு
அவருடைய பொடியன்கள் கொண்டுவந்த படம்.
கண்ணுக்குக் கீழே இரண்டு பை, எடுத்தேன்.
நாடிக்குக் கீழே இன்னொரு நாடி, வெட்டினேன்.
வெற்றிலைக் கறை, நெற்றித் தழும்பு,
காதில் வளர்ந்த முடி.
நிறத்தை இரண்டு படி கூட்டச் சொன்னார்கள்,
மூன்று படி கூட்டினேன்.
மூன்று இரவு வேலை.
காசில் பாதி இன்னும் வரவில்லை.
கூட்டத்துக்கு வந்தவரை
பஸ் நிலையத்தில் கிட்ட நின்று பார்த்தபோது
எனக்கே அடையாளம் தெரியவில்லை.
என் வேலைதான் இன்னும்
ரயில்வே மதிலில் சிரித்துக்கொண்டிருக்கிறது,
ஒரு ஓரம் மழைக்கு எழும்பி.

முஸ்னியாவின் கன்னத்துக்கு
பழக்கத்தில் கர்சரைக் கொண்டுபோனேன்.
ஒரு நிமிஷம் அங்கேயே வைத்திருந்தேன்.
பிறகு எடுத்துவிட்டு
வீக்கத்தோடே அனுப்பினேன்.

கூட்டும்போது நாற்காலிக்கடியில் ஒரு குண்டூசி,
கறுத்தத் தலை வைத்தது.
லாச்சிக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.
பல்லைப் பிடுங்கிவிட்டு
இந்தப் பக்கம் வந்தால்
கேட்பாள்.